3 − (−2) ஏன் 5? இருநிற வில்லைகளை வைத்து முழுக்களைச் சொல்லித்தருவது பற்றி

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மஞ்சள் (+1), சிவப்பு (−1) வில்லைகளை வைத்து முழுக்களை, அதாவது …, −2, −1, 0, 1, 2, … என்ற எண்களை, சொல்லிக்கொடுக்கிறீர்கள். கூட்டல் நன்றாகவே போனது. கழித்தலில் 3 − (−2) வந்ததும், "எடுக்கச் சொல்றீங்க, ஆனா சிவப்பே இல்லையே" என்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அடுத்து (−3) × (−2) வரும்போது வில்லையால் எதைக் காட்டுவது என்றும் தெரியவில்லை. கூட வேலை செய்யும் நண்பர், "வில்லையெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ் என்று சொன்னால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்கிறார். வில்லைகளை விட்டுவிட்டு விதிக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மாற வேண்டாம். பிள்ளைகள் நின்ற அந்த இடம்தான் இந்தப் பாடத்திலேயே முக்கியமான இடம். அவர்கள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில் கழித்தலில் இல்லை, பூச்சியத்தில் இருக்கிறது. பெரும்பாலான வகுப்புகளில் பூச்சிய ஜோடியை (ஒரு மஞ்சளும் ஒரு சிவப்பும் சேர்ந்தால் பூச்சியம் என்பதை) ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டுக் கூட்டலுக்கு ஓடிவிடுகிறோம். அங்கே ஒன்றிரண்டு வகுப்பு நின்று நிதானமாக விளையாடியிருந்தால் 3 − (−2) பிள்ளைகளை மிரட்டாது.

உங்கள் நண்பர் சொல்லும் விதியில் எனக்கு உள்ள பெரிய குறை இதுதான்: அது எந்தச் செயலுக்கு உரிய விதி என்று அந்த வாசகத்துக்குள் எங்கேயும் இல்லை. அதனால் −3 − 2 என்ற கணக்கைப் பார்த்ததும் பிள்ளை இரண்டு மைனஸை எண்ணிவிட்டு +5 என்று எழுதும். −3 + (−2)-க்கும் +5 என்று எழுதும். இந்தத் தவறு மேல் வகுப்பு வரை கூடவே வந்து இயற்கணிதத்தைக் கெடுக்கும். அரை மணி நேரத்தில் முடித்த பாடத்தை அப்புறம் வருடக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்போம்.

வில்லைகள் பற்றி இரண்டு வார்த்தை. கெட்டி அட்டையை வட்டமாக வெட்டி, ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் சிவப்பும் தீட்டினால் போதும். மஞ்சள் ஒன்று +1, சிவப்பு ஒன்று −1. மஞ்சள் பக்கத்தில் + குறியும் சிவப்புப் பக்கத்தில் − குறியும் எழுதிவிடுங்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் சிரமம் உள்ள பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கலாம், அதை யாரும் கவனித்திருக்காமலும் இருக்கலாம். ஆளுக்கு இருபத்தைந்து வில்லை இருந்தால் தாராளம். அதோடு ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுங்கள். தாளின் மேல் இருப்பது மட்டும்தான் கணக்கு. தாளுக்கு வெளியே கிடப்பதெல்லாம் கையிருப்பு. இந்த எல்லை தெளிவாக இல்லையென்றால் கழித்தலில் எடுத்த வில்லை எது, இருக்கும் வில்லை எது என்று குழம்பிப்போகும்.

இது வெறும் விளையாட்டு என்பவர்களுக்கு ஒரு தகவல். பழைய சீனாவில் கணக்குக்கு எண்ணும் குச்சிகளைப் பயன்படுத்தினார்கள். 'கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்' என்ற நூலுக்கு கி.பி. 263-இல் உரை எழுதிய லியூ ஹுய், சிவப்புக் குச்சிகள் மிகை (+) எண்களுக்கு, கறுப்புக் குச்சிகள் குறை (−) எண்களுக்கு என்று விளக்குகிறார். அவர்கள் இப்படிப் போட்டது சின்னக் கணக்கு அல்ல. பல மாறிகள் கொண்ட சமன்பாடுகளின் தொகுப்பையே குச்சிகளை நகர்த்தித் தீர்த்தார்கள். அங்கே சிவப்பு மிகை, நம் வில்லையில் சிவப்பு குறை. நிறம் என்பது நாம் செய்துகொள்ளும் ஏற்பாடு மட்டுமே என்று பிள்ளைகளிடம் சொல்ல இது நல்ல உதாரணமும்கூட.

சரி, பூச்சியத்துக்கு வருவோம்.

ஒரு மஞ்சளும் ஒரு சிவப்பும் சேர்ந்தால் பூச்சியம். இது எல்லாரும் சொல்வது. அதற்குப் பிறகு பலர், "ஜோடி தெரிந்தால் உடனே தூக்கிவிடு" என்று பழக்குகிறார்கள். அந்தப் பழக்கம்தான் பின்னால் தடையாகிறது. ஜோடியைத் தூக்கலாம் என்றால் ஜோடியை வைக்கவும் செய்யலாம். இந்த இரண்டாவது பாதியை யாரும் பழக்குவதில்லை. ஒரு முழு என்பது ஒரே ஒரு அடுக்கு அல்ல. +3 என்பது மூன்று மஞ்சள். நான்கு மஞ்சளும் ஒரு சிவப்பும் +3 தான். பத்து மஞ்சளும் ஏழு சிவப்பும் +3 தான். ஒரே எண், ஆனால் தாளில் எத்தனையோ உருவம்.

இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம், செய்யவிடுங்கள். "−2-ஐத் தாளில் வை" என்று சொல்லுங்கள். எல்லாரும் இரண்டு சிவப்பு வைப்பார்கள். "இப்போது அதே −2-ஐ எட்டு வில்லைகளை வைத்துக் காட்டு" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் நகர்த்திப் பார்த்துவிட்டு ஐந்து சிவப்பு, மூன்று மஞ்சள் என்று கண்டுபிடிப்பார்கள். அடுத்து, "ஏழு வில்லைகளில் காட்டு" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். வகுப்பு சுறுசுறுப்பாகிவிடும். நாலு சிவப்பு மூன்று மஞ்சள் வைத்தால் −1 வருகிறது. ஐந்தும் இரண்டும் வைத்தால் −3 வருகிறது. நடுவில் −2 வரவே மாட்டேன் என்கிறது. ஏன் என்று அவர்களே வாதாட வேண்டும். ஜோடி வரும்போது இரண்டு இரண்டாக வருகிறது, போகும்போதும் இரண்டு இரண்டாகவே போகிறது. அதனால் இரண்டில் தொடங்கியது ஏழில் போய் நிற்க முடியாது. ஒற்றை, இரட்டை பற்றிய இந்த வாதத்தை ஒரு பதினொரு வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்வதைக் கேட்பது பெரிய சந்தோஷம். அதைவிட முக்கியம், அந்தப் பத்து நிமிடத்தில் ஜோடிகளை வைப்பதும் எடுப்பதும் கைப்பழக்கமாகிவிடுகிறது.

இன்னொரு விளையாட்டு. பத்து வில்லைகளை உள்ளங்கையில் குலுக்கித் தாளில் கொட்டச் சொல்லுங்கள். விழுந்த எண் என்ன? ஏழு மஞ்சள், மூன்று சிவப்பு என்றால் +4. விழுந்ததையெல்லாம் பலகையில் குறித்துக்கொண்டே வாருங்கள். −10 முதல் +10 வரை இரட்டை எண்கள் மட்டுமே வருவதைச் சிலர் கவனித்துவிடுவார்கள். பூச்சியம் மற்றவற்றைவிட அடிக்கடி வருவதும் தெரியும். பத்து வில்லைகள் விழக்கூடிய 1024 விதங்களில் 252 விதங்கள் பூச்சியம் தருபவை. ஆறாம் வகுப்புக்கு இந்த எண்கள் தேவையில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அவர்களுக்குத் தேவை, கலந்து கிடக்கும் வில்லைகளைப் பார்த்தவுடன் அது என்ன எண் என்று சொல்லும் பழக்கம்.

கணிதவியலாளர்கள் 0, 1, 2, 3 என்று போகும் எண்களிலிருந்து முழுக்களைக் கட்டும்போது செய்வதும் இதையேதான். அவர்களுக்கு ஒரு முழு என்பது ஜோடி எண்களின் ஒரு கூட்டம். (இங்கே ஜோடி என்பது பூச்சிய ஜோடி அல்ல; முதல் எண் மஞ்சள், இரண்டாவது சிவப்பு என்று படியுங்கள்.) (5, 2), (4, 1), (3, 0) எல்லாம் ஒரே முழு, +3. இரண்டு ஜோடிகள் ஒரே எண்ணைத்தான் குறிக்கின்றனவா என்று பார்க்க, முதல் ஜோடியின் மஞ்சளோடு இரண்டாவதன் சிவப்பையும், இரண்டாவதன் மஞ்சளோடு முதல் ஜோடியின் சிவப்பையும் கூட்டி ஒப்பிடுவார்கள்: 5 + 1 = 6, 4 + 2 = 6, ஆகவே இரண்டும் ஒன்று. ஆக, பிள்ளையின் மேசையில் கிடப்பது பல்கலைக்கழகத்தில் நடத்தும் வரையறையேதான். உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள்.

கூட்டலில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். −5 + 3 என்றால் ஐந்து சிவப்பு வைத்து, மூன்று மஞ்சள் சேர்த்து, ஜோடிகளை நீக்கினால் −2. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சில பிள்ளைகள் தாளில் இருக்கும் எல்லா வில்லைகளையும் எண்ணி 8 அல்லது −8 என்பார்கள். வில்லைகளின் எண்ணிக்கை வேறு, அவை காட்டும் எண் வேறு என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். எட்டு வில்லைகளில் −2 வைத்த விளையாட்டை நினைவுபடுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது கழித்தல். இதை நான் நான்கு கட்டமாக எடுப்பேன். முதலில் 5 − 2: ஐந்து மஞ்சளில் இரண்டை எடு, மூன்று. பழைய கணக்குத்தான். அடுத்து −5 − (−2): ஐந்து சிவப்பில் இரண்டு சிவப்பை எடு, மூன்று சிவப்பு, −3. இதைப் பிள்ளைகள் எந்த விதியும் இல்லாமல் செய்துவிடுவார்கள். குறை எண்ணைக் கழிப்பது அவர்களுக்குப் பூதாகரமாகத் தெரியாமல் இருக்க, 3 − (−2)-க்கு முன்னால் இந்த வகைக் கணக்கு நாலைந்தாவது வந்திருக்க வேண்டும். கழித்தல் என்றால் தாளிலிருந்து எடுப்பது, அவ்வளவுதான், எதை எடுத்தாலும் சரி என்பது இங்கே பதிந்துவிடுகிறது. இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மூன்றாவது 3 − 5. மூன்று மஞ்சள் இருக்கிறது, ஐந்து மஞ்சள் எடுக்க வேண்டும், இரண்டு போதவில்லை. நான்காவதுதான் 3 − (−2). மூன்று மஞ்சள், எடுக்க வேண்டியது இரண்டு சிவப்பு, சிவப்பே இல்லை. இங்கே பதிலைச் சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "தாளில் இருக்கும் எண் 3 ஆகவே இருக்க வேண்டும். ஆனால் தாளில் சிவப்பும் வேண்டும். முடியுமா?" பூச்சியத்தோடு விளையாடிய வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை, "ஜோடி வைக்கலாமே" என்று சொல்லியே தீரும். இரண்டு ஜோடி உள்ளே வருகிறது. தாளில் ஐந்து மஞ்சள், இரண்டு சிவப்பு. எண் இன்னும் 3 தான், உருவம் மட்டும் மாறியிருக்கிறது. இரண்டு சிவப்பை எடுக்கிறோம். ஐந்து மஞ்சள் மிச்சம்.

இந்த இடத்தில் பிள்ளைகளின் கைகளைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு தவறு கட்டாயம் வரும்: ஜோடியாக வைக்காமல் இரண்டு சிவப்பை மட்டும் தாளில் வைத்து, பிறகு அந்த இரண்டையே எடுத்துவிட்டு, விடை 3 என்பார்கள். தவறு என்று சொல்லாதீர்கள். மறுபடி செய்யச் சொல்லி, சிவப்பை வைத்த கணத்தில் நிறுத்துங்கள். "இப்போது தாளில் என்ன எண்?" எண்ணிப் பார்த்தால் 1. "நாம் தொடங்க வேண்டியது எதில்?" 3-இல். அவ்வளவு போதும், பிள்ளையே மஞ்சளைத் தேடி எடுக்கும். சில பிள்ளைகள் பத்து ஜோடிகளைக் கொட்டிவிடுவார்கள். தடுக்காதீர்கள். பதின்மூன்று மஞ்சள், பத்து சிவப்பு; இரண்டு சிவப்பை எடுத்தால் எட்டு சிவப்பு; நீக்கிப் பார்த்தால் அதே 5. தேவைக்கு மேல் வைத்தாலும் விடை மாறவில்லை என்பதை அந்தப் பிள்ளை வகுப்புக்குச் சொல்லட்டும்.

இதெல்லாம் ஆன பிறகு ஒரே ஒரு சிவப்பை மட்டும் எடுக்கும் கணக்குக்குத் திரும்புங்கள். 3 − (−1). மெதுவாக ஒரு ஜோடியை வையுங்கள், சிவப்பை எடுங்கள். "தாளில் புதிதாக மிச்சம் இருப்பது எது?" ஜோடியில் கூட வந்த மஞ்சள். சிவப்பை எடுக்க வேண்டுமானால் மஞ்சளை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சிவப்பு ஒன்றை எடுப்பதும் மஞ்சள் ஒன்றை வைப்பதும் ஒரே விளைவு. 3 − (−2), 3 + 2 இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் தாள்களில் செய்யச் சொல்லி ஒப்பிடச் சொல்லுங்கள். அப்புறம் −2 − 3, −2 + (−3). ஓர் எண்ணைக் கழிப்பது அதன் எதிரெண்ணை (−2-க்கு 2, 3-க்கு −3) கூட்டுவது என்ற விதியைப் பிள்ளைகளே எழுதிவிடுவார்கள். பல ஜோடிக் கணக்குகளைச் செய்து சலித்துப்போய், "இவ்வளவும் எதுக்கு, நேரா கூட்டிடலாமே" என்று ஒரு பிள்ளை சொல்லும் நேரம்தான் விதியைப் பலகையில் எழுத வேண்டிய நேரம். அதற்கு முன்னால் எழுதினால் அது உங்களுடைய விதி.

பிள்ளைகளின் குழப்பத்துக்கு இன்னொரு காரணம் அந்த மைனஸ் குறி செய்யும் மூன்று வேலைகள். 7 − 2-இல் அது 'எடு' என்கிறது. −2-இல் அது 'சிவப்பு' என்கிறது. −(−2) என்று அடைப்புக்கு வெளியே நிற்கும்போது 'எதிரெண்' என்கிறது. வில்லைகளில் இந்த மூன்றும் மூன்று தனித்தனிக் காரியங்கள்: எடுப்பது, சிவப்பாக இருப்பது, திருப்பிப்போடுவது. இரண்டு பக்கமும் நிறம் உள்ள வில்லை ஏன் வேண்டும் என்றால் இந்தத் திருப்பலுக்காகத்தான். இரண்டு சிவப்பைத் திருப்பினால் இரண்டு மஞ்சள்; −(−2) = 2. ஐந்து மஞ்சளும் இரண்டு சிவப்பும் இருக்கும் தாளில் எல்லாவற்றையும் திருப்பினால் ஐந்து சிவப்பு, இரண்டு மஞ்சள். அதாவது −(5 − 2) = −5 + 2. அடைப்புக்கு முன் மைனஸ் இருந்தால் உள்ளே எல்லாக் குறிகளும் மாறும் என்று எட்டாம் வகுப்பில் அலுத்துப்போகும் அளவு சொல்கிறோமே, அது இங்கே ஒரே கைவீச்சில் தெரிந்துவிடுகிறது. முதல் உறுப்பை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை மறக்கும் வழக்கமான தவறுக்கு, பாதி வில்லைகளைத் திருப்பாமல் விட்ட தாளைக் காட்டினால் போதும்.

பெருக்கலுக்கு வருவோம். தாள் எப்போதும் பூச்சியத்தில் தொடங்குகிறது. முதல் எண் எத்தனை தடவை வைப்பது அல்லது எடுப்பது என்று சொல்கிறது. இரண்டாவது எண் ஒவ்வொரு தடவையும் வைக்கும், எடுக்கும் தொகுதி எது என்று சொல்கிறது. 3 × (−2) என்றால் இரண்டு சிவப்புத் தொகுதியை மூன்று தடவை வை. ஆறு சிவப்பு, −6. (−3) × 2 என்றால் இரண்டு மஞ்சள் தொகுதியை மூன்று தடவை எடு. காலித் தாளில் மஞ்சள் ஏது? ஆறு ஜோடி வைத்தாலும் தாள் பூச்சியம்தான். ஆறு மஞ்சளை இரண்டு இரண்டாக எடுத்தால் ஆறு சிவப்பு மிச்சம், −6. (−3) × (−2) என்றால் இரண்டு சிவப்புத் தொகுதியை மூன்று தடவை எடு. மறுபடி ஆறு ஜோடி, மூன்று தடவையாக ஆறு சிவப்பு வெளியே போகிறது, ஆறு மஞ்சள் நிற்கிறது. +6.

செய்து பார்க்கும்போது இது ஆச்சரியமாகவே இருக்காது. கழித்தலில் கற்றதையே மூன்று தடவை செய்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் ஆசிரியர் என்ற முறையில் நீங்கள் ஒன்றைத் தெளிவாக வைத்திருக்க வேண்டும். குறை எண்ணால் பெருக்குவது என்றால் 'எடுப்பது' என்று நாமாகத்தான் முடிவு செய்தோம். கூர்மையான பிள்ளை, "ஏன் அப்படி எடுத்துக்கணும்?" என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். பதில் இது: மூன்று தடவை வைத்து மூன்று தடவை எடுத்தால் தாளில் ஒன்றும் மாறியிருக்கக் கூடாது, ஏனென்றால் 3 + (−3) பூச்சியம், பூச்சியம் தடவை என்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். வேறு எந்த அர்த்தம் கொடுத்தாலும் இந்தச் சமநிலை உடையும்.

எழுத்தில் காட்ட விரும்பினால் பங்கீட்டுப் பண்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2 + (−2) = 0. ஆகவே (−3) × (2 + (−2)) பூச்சியம். பிரித்து எழுதினால் (−3) × 2 + (−3) × (−2) = 0. முதல் பகுதி −6. இரண்டாவது பகுதி என்னவாக இருந்தால் கூட்டு பூச்சியமாகும்? +6 மட்டுமே. இதை வில்லைக்கு முன்னால் சொன்னால் பல பிள்ளைகளுக்குக் காதில் ஏறாது. ஆறு மஞ்சளைப் பார்த்த பிறகு சொன்னால் அது விளக்கமாகச் சேரும். 3 × (−2) = −6, 2 × (−2) = −4, 1 × (−2) = −2, 0 × (−2) = 0 என்று கீழே இறங்கிக்கொண்டே போய், அடுத்த வரி என்னவாக இருக்கும் என்று கேட்பதும் நல்ல துணை. ஒவ்வொரு வரியிலும் 2 கூடுவதைப் பார்த்து (−1) × (−2) = 2 என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தியக் கணிதவியலாளர் பிரம்மகுப்தர் கி.பி. 628-இல் எழுதிய பிரம்மஸ்புடசித்தாந்தத்தில் மிகையைச் செல்வம் என்றும் குறையைக் கடன் என்றும் வைத்து இந்த விதிகளையெல்லாம் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு கடன்களின் பெருக்கம் செல்வம் என்பதும் அதில் உண்டு. அதற்கு ஆயிரத்து நூறு வருடங்களுக்கு மேல் கழித்து, 1758-இல், பிரான்சிஸ் மசேர்ஸ் என்ற ஆங்கிலேயர் குறை எண்களைத் தனி எண்களாக ஏற்க மறுத்து ஒரு நூலே எழுதினார். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு வாரம் தடுமாறினால் பொறுமை இழக்காமல் இருக்க இதை நினைத்துக்கொள்ளலாம்.

வகுத்தலில் −6 ÷ 3 பங்கிடுவது: ஆறு சிவப்பை மூன்று பேருக்கு, ஆளுக்கு −2. −6 ÷ (−2) எத்தனை தொகுதி என்று பார்ப்பது: இரண்டு சிவப்புத் தொகுதிகள் மூன்று. 6 ÷ (−2)-ஐ வில்லையால் காட்ட முயலாதீர்கள். ஆறு மஞ்சளுக்குள் இரண்டு சிவப்பு எத்தனை தடவை என்று தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். எதை −2-ஆல் பெருக்கினால் 6 வரும் என்று கேட்டுவிடுங்கள். பெருக்கல் உறுதியாக இருந்தால் −3 என்று வந்துவிடும்.

இனி வில்லையிலிருந்து எழுத்துக் கணக்குக்கு எப்போது, எப்படிப் போவது. பொருளில் தொடங்கி, படத்துக்கு வந்து, பிறகு குறியீட்டுக்குப் போகும் இந்த வரிசையை 1960-களில் உளவியலாளர் ஜெரோம் புரூனர் வலியுறுத்தினார். பல நாடுகளில் இன்று கணக்குப் பாடம் இப்படித்தான் அமைகிறது. நடைமுறையில் நடுப்படியான படத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நேற்று வரை வில்லை, இன்று வெறும் எண் என்று தாவினால் இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாகவே பிள்ளைக்குத் தோன்றாது. நிறம்கூட வேண்டாம், சின்ன வட்டத்துக்குள் + அல்லது − போட்டால் போதும். ஆனால் படத்தில் ஒரு பொறி இருக்கிறது. பூச்சிய ஜோடியையும் குறுக்குக்கோடு போட்டு அடிக்கிறார்கள், கழிக்கும் வில்லையையும் குறுக்குக்கோடு போட்டு அடிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எது ஜோடியாகப் போனது, எது எடுக்கப்பட்டது என்று தெரியாமல் போகிறது. முதல் நாளிலேயே பிரித்துவிடுங்கள்: ஜோடியை ஒரு வளையத்துக்குள் சேர்த்துச் சுழிப்பது, எடுப்பதற்கு அம்புக்குறி போட்டுத் தாளின் ஓரத்துக்குக் கொண்டுபோவது. இந்தச் சின்ன ஏற்பாடு எவ்வளவோ குழப்பத்தைத் தவிர்க்கும்.

பிறகு எண்களைப் பெரிதாக்குங்கள். −37 + 52. இத்தனை வில்லையும் கிடையாது, வரையவும் யாருக்கும் பொறுமை இருக்காது. அதுதான் நமக்கு வேண்டும். "வைத்ததாக நினைத்துக்கொள். எந்த நிறம் அதிகம்? எவ்வளவு அதிகம்?" 52 மஞ்சளில் 37 ஜோடியாகப் போய்விடும், 15 மஞ்சள் நிற்கும். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துப் பெரியதன் குறியைப் போடு என்ற விதி இதுவே, ஆனால் இப்போது அதற்கு ஒரு படம் பின்னால் இருக்கிறது. வில்லையை நோக்கிக் கை போகும்போதே வாயில் விடை வந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வில்லை இனி வேண்டாம். இன்னொரு பிள்ளைக்கு இன்னும் ஒரு வாரம் வேண்டியிருக்கும், இருக்கட்டும். திரையில் நகர்த்தும் வில்லைகளும் கிடைக்கின்றன; வீட்டில் பயிற்சி செய்ய அவை பரவாயில்லை, முதல் அறிமுகத்துக்குக் கையால் தொடும் அட்டையே மேல்.

வில்லை செய்யாத வேலையையும் சொல்லிவிட வேண்டும். −7, −3 இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்கு வில்லை தவறான பக்கம் இழுக்கும். ஏழு சிவப்பு மூன்று சிவப்பைவிட அதிகமாகத்தானே கண்ணுக்குத் தெரியும்? சிறியது பெரியது என்ற வரிசை, இடைவெளி, எது எதற்கு இடப்பக்கம் என்பதெல்லாம் எண்கோட்டின் வேலை. அதனால் கூட்டல் முடிந்த கையோடு அதே கணக்குகளை எண்கோட்டிலும் செய்யவையுங்கள். ஒரு வாரம் வில்லை, மறு வாரம் எண்கோடு என்று தனித்தனியாக வைக்காமல், ஒரே கணக்கை இரண்டிலும் போட்டு விடை ஒன்றாக வருகிறதா என்று பார்க்க வைப்பதே நல்லது. −2½ போன்ற பின்னங்கள் வரும்போது வில்லை தானாகவே ஒதுங்கிவிடும், எண்கோடு தொடரும்.

புரிந்ததா என்று சோதிக்க, விடை கேட்கும் கணக்குகளைவிடத் தலைகீழான கணக்குகள் உதவும். "விடை −4 வரும்படி நான்கு கழித்தல் கணக்குகளை எழுது, இரண்டிலாவது குறை எண்ணைக் கழிக்க வேண்டும்." விதியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இதில் திணறும். பூச்சியத்தோடு விளையாடிய பிள்ளை −6 − (−2) என்று தொடங்கி, −7 − (−3), 0 − 4, 1 − 5 என்று எழுதிக்கொண்டே போகும். பக்கத்தில் ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள்: இவற்றில் எதற்கெல்லாம் ஜோடி வைக்க வேண்டியிருந்தது, எதற்கு வைக்கவே தேவையில்லை? முதல் இரண்டுக்குத் தேவையில்லை, கடைசி இரண்டுக்கும் நான்கு நான்கு ஜோடி வேண்டும் என்று காரணத்தோடு சொன்னால் அந்தப் பிள்ளை பெருக்கலுக்குத் தயார்.